யார் கையிலும் கொடுக்காத புல்லர்

அந்தமானில் ஒரு ஐஸ் ஃபேக்டரி மோட்டார் நின்றுவிட்டது. மாலைக்குள் ஓடாவிட்டால் படகுகளில் வந்த மீனெல்லாம் வீணாகிவிடும் என்று, அம்பத்தூர் பட்டறையிலிருந்து என்னை விமானத்தில் அனுப்பினார்கள்.

பேரிங் கழற்றும் புல்லர் நானே செய்தது. அதை யார் கையிலும் கொடுக்க மாட்டேன். அதனால் பெட்டியில் போடாமல் தோள்பையிலேயே வைத்திருந்தேன். விமான நிலையச் சோதனையில் பிடித்துவிட்டார்கள்.

"லக்கேஜ்ல போடுங்க, இல்லன்னா விட்டுட்டுப் போங்க."

அது இல்லாமல் போய்ப் பயனில்லை. லக்கேஜ் கவுண்டர் மூடப் பத்து நிமிடமே இருந்தது. நான் ஐந்தாவதோடு நின்றவன். எங்கே போவது என்று கேட்கக்கூட வாய் வரவில்லை.

வரிசையில் எனக்குப் பின்னால் நின்ற பெண் என் கையிலிருந்த போர்டிங் பாஸைப் பார்த்துவிட்டு, "இன்னாண்ணே, செல மாதிரி நின்னுகினு கீறீங்க? நானும் அந்த ஃபிளைட்தான், வாங்க" என்றாள்.

"உங்களுக்கும் ஃபிளைட் போயிடும்மா."

"போனா ரெண்டு பேரும் நீந்திப் போலாம், வாண்ணே!"

ஓடினோம். கவுண்டரில் கை நீட்டினார்கள். என் விரல்கள் புல்லரை விடவில்லை.

"உடுண்ணே, அது இன்னா கொயந்தையா?"

விட்டேன்.

அன்று மாலை மோட்டார் ஓடியது. இப்போதெல்லாம் பட்டறையில் யார் கேட்டாலும் புல்லரைக் கொடுத்துவிடுகிறேன். கூச்சத்தில் அந்தப் பெண்ணின் பெயரைக்கூட நான் கேட்கவில்லை.