தள்ளாமல் போகவேண்டிய மாப்பிள்ளைக் கார்

அன்றைக்கு அந்தக் கொட்டிலில் இருந்தது நாங்கள் நாலு பேர்: நான், மோட்டார் திருத்தும் பாஸ், என் பெண்சாதியின் தம்பி, மாப்பிள்ளையின் வாப்பா. கொட்டில் கல்முனையில், ஓர் அரிசி ஆலைக்குப் பின்னால். எண்பதுகளின் தொடக்கம்.

படிப்பைப் பாதியில் விட்ட நான் ஒரு பழைய காரை வாடகைக்கு ஓட்டினேன். கொஞ்ச நாளாக, எஞ்சினைக் கிளப்பும் ஸ்டார்ட்டர், பிளைவீல் என்ற எஞ்சின் சக்கரத்தைச் சுற்றிய வளையத்தின் பல்லைக் கவ்வாமல் வெறுமனே சுற்றும். ஆள் வைத்துத் தள்ள வேண்டும். முந்திய கலியாணத்தில் மாப்பிள்ளையின் கூட்டாளிமார் புதுச்சட்டையோடு தள்ள, ஊரே சிரித்தது. அதனால் இந்த வாப்பா ஐம்பது ரூபாய் முன்பணம் தரும்போதே சொல்லிவிட்டார்: "தம்பி, காரைத் தள்ளினா மிச்சம் நூறும் கிடையாது. ஓமா?"

"ஓம் காக்கா."

பின்னேரம் அசறு தொழுததும் மாப்பிள்ளையை மாவடிப்பள்ளிக்கு, பெண் வீட்டுக்குக் கொண்டுபோக வேண்டும்.

முதல்நாளே கியர்பெட்டியை இறக்கியிருந்தோம். காலையில் மச்சான் வளையத்தின் பல்லுக்குள் ஓர் இரும்பைக் கொடுத்துப் பிளைவீல் சுழலாமல் பிடிக்க, பாஸ் போல்ட்டுகளைக் கழற்றினார். பிளைவீலை இறக்கியதில் எனக்கு இடுப்பு நாரி பிடித்துக்கொண்டது.

நாலு சிலிண்டர் எஞ்சின் ஓய்ந்து நிற்பது பெரும்பாலும் இரண்டே இடத்தில். ஸ்டார்ட்டர் எப்போதும் கவ்வும் அந்த இரண்டு இடத்துப் பற்கள்தான் தேய்ந்திருந்தன. வளையத்தைச் சூடுகாட்டிக் கழற்றி, கால்வட்டம் திருப்பிப் போட்டால் நல்ல பல் அங்கே வரும் என்றார் பாஸ். தேய்ந்த இடங்களுக்கு நேரே வளையத்திலும் பிளைவீலிலும் வெண்கட்டியால் கோடு போட்டார். எனக்கு அது போதவில்லை. விரலால் தடவித் தடவிப் பார்த்தேன். கோடு போட்ட ஓரிடத்தில் ஒரு பல்லின் முனை உடைந்திருந்தது.

"என்ன மச்சான், புள்ளைக்குப் பல்லு முளைச்சிரிக்கா எண்டு பாக்கீங்களா?" என்றான் பெண்சாதியின் தம்பி.

நான் மறுபடியும் ஒரு சுற்றுத் தடவினேன்.

கழற்றிய வளையத்தைத் திரும்பப் போட, அது சுற்றிலும் ஒரே சூட்டில் விரிய வேண்டும். ஆலையின் உமித்தணலில் புதைத்தோம். அதில் தேய்த்து மினுக்கி வைத்த ஓரிடம் வைக்கோல் நிறத்துக்கு வந்ததும் எடுக்க வேண்டும். நீலமானால் பல்லின் உரம் போய்விடும். பாஸ் சாம்பலை விலக்கிப் பார்க்கும்போதெல்லாம் நானும் குனிந்தேன்.

"நீலம் மாதிரிக் கிடக்கு பாஸ்."

"ஒங்கட கண்ணுதான் நீலம். பொறுங்க."

"லுகர் தொழுகையும் முடிஞ்சிற்று," என்றார் வாப்பா. "கார் இன்னும் துண்டு துண்டாக் கிடக்கு."

பாஸ் குறட்டால் வளையத்தைத் தூக்கினார். அது முழுக்க உமிச்சாம்பல் படிந்து வெள்ளையாக இருந்தது. வெண்கட்டிக் கோட்டைக் காணோம். வளையம் ஆறினால் பிளைவீலில் இறங்காது.

"கோடு எங்க?" பாஸ் கத்தினார்.

முகம் வேக, கிட்டப் போய்ப் பார்த்தேன். உடைந்த முனை தெரிந்தது. "இஞ்ச பாஸ்! உடைஞ்ச பல்லு இஞ்ச!"

"சரியாத் தெரியுமா?"

"ஓம், போடுங்க!"

அவர் அந்தப் பல்லைக் கணக்குப் பிடித்து, பிளைவீலின் கோட்டிலிருந்து கால்வட்டம் தள்ளி வளையத்தை இறக்கித் தட்டினார். அது ஆறி இறுகியது. சொன்னது சரிதானா என்று எனக்கே சந்தேகம் வந்தது. இனிக் கேட்டு என்ன செய்ய?

பிளைவீலை ஏற்றி, போல்ட்டுகளை எதிரெதிராக இறுக்கி, அவை கழலாமலிருக்கத் தகட்டை மடித்து, கிளட்ச்சையும் கியர்பெட்டியையும் பூட்டியபோது அசறுக்குப் பாங்கு சொன்னது. பிஸ்மி சொல்லி ஸ்டார்ட்டர் குமிழை இழுத்தேன். கவ்வியது! நிறுத்தி மறுபடி இழுத்தேன். மறுபடியும்.

"போதும். பெற்றோலை என்ட மகனுக்கும் கொஞ்சம் வையன்," என்றார் வாப்பா.

மாப்பிள்ளை தள்ளாமலே போய்ச் சேர்ந்தார். பெண் வீட்டில் என்னையும் சகன் சாப்பாட்டுக்கு இருத்தினார்கள். ஒரே தட்டில் ஆறு பேர். நடுவில் எழும்ப முடியாது. அதற்குள் சோற்றுக் கிடாரம் ஏற்றிய மாட்டுவண்டி வாசலுக்கு வர, வழியில் நின்ற என் காரைப் பெடியன்மார் கைப்பிரேக்கை இளக்கி ஓரமாகத் தள்ளியிருக்கிறார்கள். சரியாக அந்த நேரம் வாப்பா வெளியே வந்திருக்கிறார்.

"தள்ளினத என்ட கண்ணால பாத்தன்," என்று உள்ளே வந்து சொன்னார்.

"காக்கா, அது வழி விடத் தள்ளின. இந்தா பாருங்க." எச்சில் கையோடு ஓடி இழுத்தேன். முதல் இழுவையிலேயே எஞ்சின் பிடித்தது.

"நான் ஸ்டார்ட்டப் பத்திக் கதைச்சனா? தள்ளுறதப் பத்தித்தான் கதைச்சன்."

சம்பந்தி வீட்டார் பார்த்துக்கொண்டிருந்தார்கள். நான் காரை எடுத்துக்கொண்டு திரும்பினேன். பாஸின் கூலியை வீட்டு நெல்லை விற்றுக் கொடுத்தேன். எனக்கு வரவேண்டிய பாக்கி இன்னும் நூறு ரூபாய்.