பூஜை அறைச் சுவிட்சு

அந்த வீட்டில் இரண்டாவது போன் வைத்தபோது நியாயம் பேசியவர் வயர்மேன் ஒருவர்தான். "ரெண்டு போனையும் ஒரே வயர்ல சேர்த்துடுறேன் அண்ணே. யாரு கூப்பிட்டாலும் ரெண்டு வீட்டுலயும் மணி அடிக்கும்."

முன்வீட்டுக் கார்த்திகேசு கேட்டால்தானே? "நான் பேசுறத பின்வீட்டுல ஒட்டுக் கேக்கவா? நடுவுல சுவிட்சு போடுலா."

பின்வீட்டு வீரம்மாவின் செத்துப்போன புருஷனுக்கு அவர் அண்ணன். அவர் வைத்ததுதான் சட்டம். சுவிட்சை முன்வீட்டுப் பக்கம் தள்ளினால் பின்வீட்டுப் போன் ஊமை. அந்தச் சுவிட்சும் முதல் போன் இருந்த பூஜை அறைக்குள்ளேயே போனது. புதுப்பொருளைச் சாமிக்கு முன்னால் வைத்துப் பொட்டு வைப்பது எல்லார் வீட்டிலும் உண்டு. வைத்த இடத்திலேயே ஆணியடித்து மாட்டுவது இந்த வீட்டில் மட்டும்தான்.

சிம்பாங் பூலாய் பக்கம் ரப்பர் எஸ்டேட்டைத் துண்டுபோட்டு விற்றபோது வீரம்மாவுக்குப் பால்வெட்டு வேலை போனது. ஈப்போ பசாரில், சந்தை மீன்கடையில், மீன் வெட்டப் போனாள். தைப்பூச விரதம் தொடங்கியதும் கார்த்திகேசுவின் மனைவி கருப்பம்மாள் கறாராகச் சொல்லிவிட்டாள். "மீன் கையோட பூஜை ரூம் பக்கம் வராத. உனக்குப் போன் வந்தா நானே சுவிட்சத் தள்ளி விடுறேன்."

விரதம் இருக்கட்டும், யார் வேண்டாம் என்றது? ஆனால் அந்த மாதம்தான் பாகான் செராயில் வாழ்க்கைப்பட்டிருந்த வீரம்மாவின் ஒரே மகள் செல்லாயிக்குத் தலைப்பிரசவம். தாய்வீட்டுக்கு அனுப்ப அவள் மாமியார் மறுத்துவிட்டாள். "வலி எடுத்ததும் ஒரு போன் போடு. அடுத்த பஸ்ஸில ஏறி வாரேன்" என்று மகளுக்கு வாக்குக் கொடுத்திருந்தாள் வீரம்மா. இதற்காகத்தான் தன் கைக்காசைப் போட்டு அந்த இரண்டாவது போனையே வாங்கினாள். வேலை விட்டு வந்தால் அதன் பக்கத்தை விட்டு நகரமாட்டாள்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அவள் பசாரிலிருந்து வந்து நுழையும்போது, துணி காயப்போட்டுக்கொண்டே கருப்பம்மாள் சொன்னாள். "மறந்தே போச்சு வீரம்மா. செல்லாயிக்கு ஆம்பளப் புள்ள. நேத்து மாப்பிள்ளை போன் பண்ணாரு."

"வலி எடுத்தப்ப கூப்பிடலயா அக்கா?"

"வெள்ளிக்கிழமை சாயங்காலம் செல்லாயி கூப்பிட்டா. என்னமோ சொல்ல வந்தா. தீபாராதனை நேரம், அப்புறம் பேசுன்னு வச்சிட்டேன்."

வெள்ளிக்கிழமை சாயங்காலம் வீரம்மா அந்த ஊமைப் போனுக்குப் பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தாள். நடுவில் ஒரே ஒரு சுவர். ஒரு விரலால் தள்ளுகிற சுவிட்சு. அதைத் தள்ள அந்த மகராசிக்கு மனம் வரவில்லை.

முழங்கையில் மீன் செதில் ஒட்டியிருக்க, நேராகப் பூஜை அறைக்குள் போனாள். கார்த்திகேசு பதறி எழுந்தார்.

"விரத வீடு. குளிச்சிட்டாவது வரக் கூடாதா?"

"எம்புள்ள கூப்பிட்டப்ப நீங்கல்லாம் சுத்தமாத்தான இருந்தீங்க மாமா? என்ன செஞ்சீங்க?"

வீரம்மா பாகான் செராய்க்குப் போன் போட்டாள். பின்னாலேயே ஓடிவந்த கருப்பம்மாள் பூஜை அறை வாசற்படியில் நின்றாள். மறுமுனையில் செல்லாயி எடுத்ததும் வீரம்மா "நான்தான்டி" என்றாள். ரிசீவரைக் கருப்பம்மாளின் காதில் வைத்து அழுத்தினாள்.

செல்லாயியின் குரல் அறை முழுக்கக் கேட்டது. "அம்மாவா? வலி எடுத்துருச்சு, அம்மாவ உடனே வரச் சொல்லுங்கன்னு பெரியம்மாகிட்ட அழுதுக்கிட்டே சொன்னேனேம்மா. அவங்க சொல்லலியா, இல்ல நீதான் வரமாட்டேன்னியா?"

கருப்பம்மாள் ரிசீவரைத் திருப்பிக் கொடுக்கப் பார்த்தாள். வீரம்மா வாங்கவில்லை.

"பதில் சொல்லுங்கக்கா" என்றாள்.