மெதுவாக ஓடவைக்கும் சுவிட்ச்

1991 ஓகஸ்ட் 6, செவ்வாய். காலை 10.20. கண்டியில் தூறல்.

பேராதனை பஸ்ஸில் வந்து குட்ஷெட் பஸ் நிலையத்தில் இறங்குகிறேன். கையில் ஒரு பிஸ்கட் டின். சோதனைக்கு நின்ற பொலிஸ் சார்ஜன்ட் மூடியைத் திறந்தார். பிஸ்கட் இல்லை... பச்சைப் பலகை ஒன்று, அதில் சிப்புகள், ஒரு நாடா வயர்.

பிறந்த இடம் யாழ்ப்பாணம் என்கிறது என் அடையாள அட்டை. டின்னுக்குள் வயர். இன்றைய காலத்தில் இதற்குமேல் என்ன வேண்டும்?

"ஐயா, இது என்ன சாமான்?"

"கம்பியூட்டருக்குப் போடுற கார்ட். பழைய மெஷின் கெதியா ஓடும்."

"அப்ப ஓடவிட்டுக் காட்டுங்க. ஓடாட்டி ஸ்டேஷன் போவோம்."

அடையாள அட்டை அவர் சட்டைப் பைக்குள் போனது. இருவரும் மேட்டிலுள்ள என் வீட்டுக்கு நடந்தோம்.

மகன் லண்டன் போகும்போது விட்டுச்சென்ற கம்பியூட்டரில் நான் கலியாணப் பொருத்தம் பார்த்துவருகிறேன். ஒரு பொருத்தத்துக்கு ஒன்பது நிமிடம். அது பொறுக்காமல்தான் இந்தக் கார்ட்.

"சாதகம் ஒன்பது நிமிஷத்தில வந்தால் காணாதோ? வயசுபோன காலத்தில என்ன அவசரம்?" — மனைவி, சார்ஜன்டுக்கு முன்னாலேயே!

"சாதகமா?" என்றார் சார்ஜன்ட்.

கார்டை மாட்டினேன். திரை ஒளிர்ந்தது. அவர் தன் மகளின் பிறந்த நேரத்தையும், பேசிவந்த மாப்பிள்ளையின் நேரத்தையும் சொன்னார். மனப்பாடம். ஒரே நிமிடத்தில் விடை: பத்துக்கு எட்டுப் பொருத்தம்.

தப்பினேன் என்று நினைத்தேன். அவர் முகம் கறுத்தது.

"எங்க பன்சலை பிக்கு ஹாமுதுரு மூணு நாள் பார்க்கிறது. இது ஒரு நிமிஷம். பொய் சாமான்தானே? வாங்க, ஸ்டேஷன் போவோம்."

கார்டின் பின்பக்கம் ஒரு சின்னச் சுவிட்ச் உண்டு. தட்டினால் மெஷின் பழைய வேகத்துக்குத் திரும்பும். எந்த மடையன் இதைத் தட்டுவான் என்று வாங்கும்போது கேட்டிருந்தேன்.

தட்டினேன். "இன்னொருக்கா வடிவாப் பார்ப்பம்" என்று அதே நேரங்களை மறுபடி ஓடவிட்டேன்.

மனைவி தேநீர் கொடுத்தார். சார்ஜன்ட் கதிரை நுனியில் இருந்து திரையையே பார்த்தார். மூன்று நிமிடம்... ஆறு... ஒன்பது.

பத்துக்கு எட்டு.

"ஆ, இப்ப சரி ஐயா!" அடையாள அட்டை என் கைக்கு வந்தது.

மறுநாள் இரண்டு கான்ஸ்டபிள்கள் சாதகங்களுடன் வந்தார்கள். அவர்களிடமும் வேகத்தைக் காட்டவில்லை. நல்ல செய்தி என்றாலும் கொஞ்சம் காக்கவைத்துச் சொன்னால்தானே மனிதருக்கு நம்பிக்கை வருகிறது?

சுவிட்ச் இன்னும் அந்தப் பக்கமே கிடக்கிறது. பழைய கம்பியூட்டரைப் பழைய வேகத்திலேயே ஓடவைக்க எனக்கு ஆன செலவு, பஸ் காசும் சேர்த்து — 6,754 ரூபா.