பக்கத்து வீட்டிலிருந்து கேட்ட 'படி'

திருநெல்வேலியிலிருந்து கொச்சியின் மட்டாஞ்சேரிக்குக் குடிவந்து நான்கு வருடமாகிறது. பக்கத்து வீட்டு ஹன்சா குஜராத்திக்காரர். எங்கள் பேச்செல்லாம் அரைகுறை மலையாளத்தில்தான். அவர் மகள் பத்தாம் வகுப்பு படிக்கிறாள்.

போன மாதம் ஒரு மதியம் நான் மீன் குழம்பு வைத்துக்கொண்டிருந்தபோது, சுவருக்கு அந்தப் பக்கம் ஹன்சாவின் குரல் கேட்டது. "படி... படி..." பரீட்சைக்காக மகளை விரட்டுகிறார் என்று நினைத்தேன். குரல் நிற்கவே இல்லை. எரிச்சல் வந்துவிட்டது. "போதும் சேச்சி, பாவம் குட்டி, விடுங்க!" என்று ஜன்னல் வழியாகக் கத்திவிட்டு டிவியைச் சத்தமாக வைத்தேன். பள்ளிக்கூட நாளில், மதிய நேரத்தில் அந்தப் பெண் எப்படி வீட்டில் இருப்பாள் என்றுகூட யோசிக்கவில்லை.

மாலையில் மகள் பள்ளியிலிருந்து வந்து கதவைத் திறந்து அலறியபோதுதான் ஓடினேன். ஹன்சா குளியலறை வாசலில் தொடை எலும்பு முறிந்து கிடந்தார். குஜராத்தியில் ஒரு பெண் 'படி' என்று சொன்னால் 'விழுந்துவிட்டேன்' என்று அர்த்தமாம். வலியில் அவருக்குத் தாய்மொழிதான் வந்திருக்கிறது.

ஆஸ்பத்திரியில் ஹன்சாவிடம் நடந்ததைச் சொல்லி அழுதேன். ஹன்சா கோபப்படவில்லை. "நின்றெ சப்தம் கேட்டப்போ ஆஸ்வாசமாயி. நீ இப்போ வரும்னு நோக்கிக் கிடந்து" என்றார். என் குரல் கேட்டதும் ஆறுதலாக இருந்ததாம். நான் வருவேன் என்று காத்தே கிடந்தாராம். அவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

இப்போதெல்லாம் அந்த வீட்டில் குரல் உயர்ந்தால் அர்த்தம் யோசிப்பதில்லை. அடுப்பை அணைத்துவிட்டுப் போய்க் கதவைத் தட்டுகிறேன். பெரும்பாலும் அம்மாவும் மகளும் சண்டை போட்டுக்கொண்டிருப்பார்கள். அசடு வழியத் திரும்பி வந்துவிடுகிறேன்.