முதல் ‘பரவாயில்லை’யை நம்பக் கூடாது

இந்த நாட்டில் பஸ்ஸில் ஒருவருடைய காலை நாம் மிதித்தால் ‘ஸாரி’ சொல்வது மிதிபட்டவர். டொரொண்டோவுக்கு வந்த புதிதில் ஒரு பெரியவரின் சப்பாத்தை நன்றாகவே மிதித்துவிட்டேன். அவர் ஸாரி என்றார். நானும் வாய் தவறி ‘பரவாயில்லை’ என்று தமிழிலேயே சொல்லிவிட்டேன். அதை ஏதோ வசவு என்று நினைத்தாரோ என்னவோ, இன்னொரு தடவை ஸாரி சொல்லிவிட்டுத் தள்ளி நின்றுகொண்டார். இலங்கையில், எங்கள் மாத்தளை பஸ்ஸில் இப்படி மிதித்திருந்தால் என் பரம்பரைக்கே சேர்த்துக் கிடைத்திருக்கும். இங்கே எல்லாரும் தங்கமானவர்கள் என்று ஊருக்குப் போன் போட்டுச் சொன்னேன். அப்பா நம்பவில்லை.

என் வேலை, வாடகை வீடுகளைப் பராமரிக்கும் ஒரு கம்பெனியில் ஏஐ ஏஜெண்டுக்கு எழுதிக் கொடுப்பது. குழாய் ஒழுகுகிறது, ஹீட்டர் வேலை செய்யவில்லை என்று குடியிருப்பவர்கள் எந்த மொழியில் செய்தி அனுப்பினாலும், அந்த மொழியிலேயே பதில் சொல்வது மனிதர் அல்ல, அதுதான். ஆனால் அதற்குக் கையும் இல்லை, காலும் இல்லை. கம்பெனியின் மென்பொருளில் அது தொடக்கூடிய சில கருவிகள் மட்டும் உண்டு. முறைப்பாட்டைப் பதிய ஒன்று, திருத்துகிற ஆளை அனுப்ப ஒன்று, முறைப்பாட்டை மூட ஒன்று. ஒவ்வொன்றுக்கும் ஒரு டிஸ்கிரிப்ஷன் எழுத வேண்டும்: இது என்ன செய்யும், எப்போது எடுக்கலாம், எப்போது தொடவே கூடாது, செய்த பின் என்ன திரும்பி வரும் என்று. ஏஜெண்ட் கெட்டிக்கார ஆள்தான், ஆனால் கட்டடத்தைக் கண்ணால் கண்டதில்லை. எழுதியிருப்பதுதான் அதற்கு வேதம். மூடும் கருவிக்கு நான் அரைப் பக்கம் எழுதியிருந்தேன். என் மனேஜர் கெவின் அதை ஒரே வரியாக வெட்டினான்: ‘பிரச்சினை இல்லை என்று குடியிருப்பவர் சொன்னால் மூடவும்.’ நீளமாக எழுதினால் செலவு என்றான்.

யோகம்மா யாழ்ப்பாணத்து மனுஷி. எழுபது தாண்டியவர், எங்கள் கட்டடமொன்றில் தனியாக இருந்தார். போன பனிக்காலத்தில் அவர் வீட்டு ஹீட்டர் நின்றது. செய்தி அனுப்பினார். இன்றைக்கு ஆள் இல்லை, நாளைக்கு வரலாமா என்று ஏஜெண்ட் நல்ல தமிழில் கேட்டது. ‘பரவாயில்லைத் தம்பி, உங்களுக்கும் எத்தினை வேலை இருக்கும்’ என்று எழுதினார் அவர். அந்தத் தம்பி தன் வேதத்தைப் பார்த்தது. பிரச்சினை இல்லை என்கிறார் என்று முறைப்பாட்டை மூடிவிட்டது. மறுநாள் யாரும் வரவில்லை, அதற்கடுத்த நாளும் வரவில்லை. திரும்பச் சொல்ல அவருக்குக் கூச்சம். இருந்த சேலைகளையெல்லாம் சுற்றிக்கொண்டு கிடந்தவரை மகள் வந்து கண்டு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனாள். நிமோனியா. பிழைத்தார். ஆனால் அந்த வீட்டுக்குத் திரும்பவில்லை, முதியோர் இல்லத்துக்குத்தான் போனார்.

கெவின் என்னைக் கூப்பிட்டு அந்த உரையாடலைக் காட்டினான். “உங்கள் ஆட்கள் மனதில் இருப்பதை ஏன் நேராகச் சொல்வதில்லை?” என்று கேட்டான். “மிதித்தவனிடமே மன்னிப்புக் கேட்கிற ஆட்கள்தானே நீங்கள்” என்றேன். அவனுக்கு விளங்கவில்லை. ஸாரி என்றான். ஆத்திரத்தோடு என் மேசைக்குத் திரும்பினேன்.

அவனுக்கு இதை எங்கிருந்து தொடங்கிச் சொல்வது? நான் பிறந்தது மாத்தளைப் பக்கம் பலாபத்வலவுக்கு மேலே ஒரு தோட்டத்து லயத்தில், தொழிலாளர்களுக்கான வரிசை வீடொன்றில். ஒரு மழைக்காலம் எங்கள் காம்பராவின் கூரை ஒழுகு ஒழுகென்று ஒழுகிற்று. தோட்டத்தில் வேலை வாங்குகிற கணக்கப்பிள்ளை வாசலில் நின்றபடியே, “கூரையெல்லாம் எப்பிடி இருக்கு?” என்றார். “பரவாயில்லங்கய்யா” என்றார் அப்பா. கணக்கப்பிள்ளை அடுத்த வாசலுக்குப் போய்விட்டார். உள்ளே சட்டி, வாளி, அண்டா எல்லாவற்றிலும் தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. “ஏம்ப்பா பொய் சொன்னீங்க?” என்று கேட்டேன். “பொய்யில்லம்மா. எடுத்த எடுப்புலயே கொறை சொன்னா வாய் நீண்டவன்னு பேரு வச்சிருவாங்க. ரெண்டாந்தரம் கேட்டிருந்தா சொல்லியிருப்பேன்” என்றார். சாப்பாட்டுக்கு உட்கார்ந்தாலும் நாம் அப்படித்தானே? முதல் தடவை போதும் என்போம். இன்னொரு தடவை கேட்டால் தட்டை நீட்டுவோம். கணக்கப்பிள்ளையும் நம் ஆள்தான், அவருக்கும் இது தெரியும். தெரிந்துதான் இரண்டாந்தரம் கேட்காமல் போனார்.

மூடும் கருவியின் டிஸ்கிரிப்ஷனைத் திரும்ப எழுதினேன். ‘பரவாயில்லை’, ‘நோ ப்ராப்ளம்’, சிங்களத்தில் ‘கமக் நே’, இவையெல்லாம் மரியாதைச் சொற்கள். குறை தீர்ந்தது என்று அர்த்தமில்லை. இவற்றை நம்பி மூடாதே. இன்னொரு தடவை, குறிப்பாகக் கேள்: ஹீட்டரைத் தொட்டால் சுடுகிறதா? இப்போது எந்த அறையில் இருக்கிறீர்கள்? சுடுகிறது என்றால் மட்டும் மூடு, இல்லையென்றால் ஆளை அனுப்பு. இந்தத் தடவை கெவின் ஒரு சொல்லையும் வெட்டவில்லை. கம்பெனி வக்கீல் வாசித்திருப்பார் போலும். இப்போது ஏஜெண்ட் இரண்டாந்தரம் கேட்கிறது. எங்கள் ஆயுசில் எந்தத் தோட்டத்துத் துரையும் எந்த அரசாங்கக் கந்தோரும் எங்களிடம் கேட்காத கேள்வியை ஒரு இயந்திரம் கேட்கிறது. அதற்கும் ஒரு கிழவி சாகக் கிடக்க வேண்டியிருந்தது.

போன வாரம் ஊரில் விடாத மழை. அம்மா போன பிறகு அப்பா அதே காம்பராவில் தனியாக இருக்கிறார். காலையில் வேலை தொடங்குமுன் அழைத்தேன்.

“வீடு எப்படிப்பா இருக்கு?”

“பரவாயில்லம்மா.”

இத்தனை வருடமும் அதோடு விட்டுவிடுவேன். அன்று விடவில்லை. “இப்ப எங்கப்பா ஒக்காந்திருக்கீங்க?” என்றேன்.

கொஞ்சம் தயங்கினார். “குசினியில.”

“ஏன் குசினியில?”

“முன் காம்பராவுல ரெண்டு தகரம் பிச்சுக்கிட்டுப் போயிருச்சு. கட்டிலும் நனைஞ்சிருச்சு. அடுப்புப் பக்கமா சாக்க விரிச்சுப் படுத்துக்குறேன்.”

“காசு அனுப்புறேன்ப்பா. நாளைக்கே ஆள வச்சுத் தகரத்தப் போடுங்க.”

அப்பா சிரித்தார். “ஆளுக்கு எங்கம்மா போறது? எளவட்டமெல்லாம் கொழும்புலயும் கட்டார்லயும் இருக்கு. நீ அங்க இருக்க. காசு ஏணி ஏறுமா?”

கேட்கத் தெரிந்துகொண்டேன். கேட்டபின் அனுப்ப என்னிடம் ஆள் இல்லை. “சரிம்மா, ஒனக்கு வேலைக்கு நேரமாச்சு. வையி” என்று அவரே போனை வைத்துவிட்டார்.

கம்ப்யூட்டரைத் திறந்தேன். நான் எழுதிக் கொடுத்ததை வாசித்து, ஏஜெண்ட் இந்த ஊரில் யார் யாருடைய வீட்டுக்கோ ஆள் அனுப்பிக்கொண்டிருந்தது.