எலி பிடிப்பவர் வளர்த்த வெள்ளெலி

தஞ்சாவூர் விலங்குகள் காப்பகத்தில் ஒரு வெள்ளெலியைத் தத்தெடுக்க நாலு பக்கப் படிவம் நிரப்பினோம். பூனை உண்டா, நாய் உண்டா என்றெல்லாம் கேட்டார்கள். வீட்டுக்காரர் வயலில் எலி பிடிப்பாரா என்று கேட்க அவர்களுக்குத் தோன்றவில்லை; நானும் வலியப் போய்ச் சொல்லவில்லை.

மறுமாதம் எலியின் நலம் விசாரிக்கக் காப்பகத்துப் பெண் பாபநாசத்தில் எங்கள் வீட்டுக்கே வந்துவிட்டார். வாசலில் மூங்கில் கிட்டிகள் குவிந்து கிடந்தன.

"இதெல்லாம் என்னங்க?"

"எலிக் கிட்டிங்க," என்றார் என் கணவர், வெள்ளெலிக்குக் கேரட்டைப் பொடிப்பொடியாக நறுக்கியபடி. "வயல்ல வச்சா கழுத்து நெரிஞ்சு கெடக்கும். நெல்லைத் தின்னா விடுவோமா?"

அந்தப் பெண் கூண்டைப் பார்த்தார்.

"இது அந்த மாதிரி எலி இல்லைங்க," என்றார் கணவர், மனம் புண்பட்டவராக.

அந்த மாதிரி இல்லாத எலி, இரண்டு கன்னமும் புடைக்க எங்கள் வயல் நெல்லை அடக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தது.