இரண்டு வில்லுக்கும் விழாத மான்

மாமாவுக்கும் சித்தப்பாவுக்கும் எதிலுமே ஒத்துப்போகாது. மாமா மரவாடி லாரி ஓட்டுகிறவர். கட்டையில் பொருத்திய குறுக்குவில் ஒன்றை ஒரு மலைக்காரரிடம் வாங்கி வைத்திருந்தார். அதை டூலே என்பார். சித்தப்பாவுக்குக் கப்பலில் வேலை. ஏதோ ஒரு துறைமுகத்திலிருந்து இரு முனையிலும் சக்கரம் வைத்த வில்லைக் கொண்டுவந்திருந்தார். மான் வேட்டைக்கு எது உசத்தி என்று ரங்கூனில் எங்கள் வீட்டுச் சோற்றுத்தட்டுகளைச் சுற்றி ஓயாமல் சண்டை நடக்கும்.

டூலேயை ஒருமுறை இழுத்து மாட்டிவிட்டால் மான் வரும்வரை கையை அசைக்காமல் உட்காரலாம் என்பார் மாமா. சித்தப்பாவின் கட்சி வேறு. சக்கர வில்லை முழுக்க இழுத்த பிறகு பாரம் பாதிக்கும் மேல் குறைந்துவிடுமாம். மாமா அடுத்த அம்பை மாட்டுவதற்குள் அவர் மூன்று அம்பு விட்டுவிடுவாராம். சக்கர வில்லின் அம்பு பிளேடு மாதிரி கீறும், டூலேயின் மூங்கில் அம்பு சின்னத் துளைதான் போடும் என்பதுவரை ஆறு வயதிலேயே எனக்கு அத்துப்படி.

இப்படிப்பட்டவர்கள் எண்பத்தெட்டு மாணவர் கிளர்ச்சிக்கு மறுவருடம் ஒரே பஸ்ஸில் வேட்டைக்குக் கிளம்பினார்கள். அதுவும் தெருவே பார்க்கும்படி வில்லைத் தோளில் மாட்டிக்கொண்டு. எனக்கு அப்போதே சந்தேகம்.

வீட்டில் எல்லாமே எனக்குச் சந்தேகமாகத்தான் இருந்தது. கல்லூரியில் படித்துக்கொண்டிருந்த அண்ணன் ஒரு வருடமாக வீட்டில் இல்லை. தன்லியினில் தொழிற்சாலை வேலை என்று என்னிடமும் கேட்டவர்களிடமும் அம்மா சொன்னாள். ஆற்றுக்கு அந்தப் பக்கம் இருக்கிறவன் ஒரு ஞாயிற்றுக்கிழமைகூட வரமாட்டானா? தெருவில் யார் யார் இருக்கிறார்கள் என்று அரசாங்கத்துக்குக் கணக்குச் சொல்லும் வார்டு பெரியவரும் இதையேதான் கேட்டுக்கொண்டிருந்தார். வரும்போதெல்லாம் குடும்பப் பட்டியலை விரித்து அண்ணன் பெயரின்மேல் விரலை வைப்பார். கிளர்ச்சிக்காரர்களோடு சேர அவன் காட்டுக்குப் போய்விட்டது தெரிந்தால் எங்களைக் கூண்டோடு தூக்கிவிடுவார்கள் என்பது பெரியவர்களுக்குத் தெரியும். என்னிடம் யாரும் சொல்லவில்லை.

ஐந்தாம் நாள் வேட்டைக்காரர்கள் புகையில் வாட்டிய மான்தொடையோடு திரும்பினார்கள். நான் அம்புகளை எண்ணிப் பார்த்தேன். ஒன்றும் குறையவில்லை, ஒன்றிலும் கறை இல்லை. சந்தையில் வாங்கியிருப்பார்கள் என்று முடிவுகட்டினேன்.

மறுநாள் மத்தியானம் நாங்கள் சாப்பிட உட்கார்ந்ததும் வார்டு பெரியவர் வந்து நின்றார். கறி வாசனை பிடித்து வந்தாரோ, வேறெதையாவது மோப்பம் பிடித்து வந்தாரோ. அம்மா அவருக்கும் தட்டு வைத்தாள். மாமாவும் சித்தப்பாவும் வழக்கத்தைவிட உரக்கச் சண்டை போட்டார்கள். யார் அம்புக்கு மான் விழுந்தது என்று அவரிடமே பஞ்சாயத்து வைத்தார்கள். அவர் மென்றுகொண்டே இருந்தார்.

என் பல்லில் ஏதோ கடிபட்டது. துப்பினேன். பட்டாணியைவிடச் சின்னதாக ஒரு துப்பாக்கி ஈய ரவை. கண்டுபிடித்துவிட்ட சந்தோஷத்தில் கையை நீட்டினேன்.

"ரெண்டு பேரும் தோத்துட்டீங்க."

அம்மா என்னை அறைந்தாள். அதுவரை அவள் என்னை அடித்ததே இல்லை. உதடு கிழிந்து ரத்தம் வந்தது. என் விரல்களை மடக்கிப் பிடித்துக்கொண்டு, எலும்பைக் கடித்துப் பல் விழுந்துவிட்டது, அதைச் சாப்பாட்டுக்கு நடுவில் நீட்டுகிறாள் பாருங்கள் என்று பர்மியில் சொன்னாள். பெரியவர் மெல்வதை நிறுத்தினார். எங்கள் தெருவிலேயே வளர்ந்தவர், தமிழ் பாதி தெரியும்.

"பால் பல்லா? குடு, நான் கூரைல போடறேன்" என்று கையை நீட்டினார்.

"பெத்தவதான் போடணும். எங்க வழக்கம்" என்றாள் அம்மா.

அப்படியொரு வழக்கம் இருப்பது எனக்கு அன்றுதான் தெரிந்தது. அவள் வாசலில் இறங்கி ரவையைக் கூரைமேல் வீசினாள். அது தகரத்தில் உருளும் சத்தத்தைப் பெரியவர் கடைசிவரை கேட்டார். அப்புறம் இன்னும் கொஞ்சம் கறி போடச் சொன்னார்.

அவர் தெருமுனை திரும்பியதும் அம்மா சித்தப்பாவைக் கூரையில் ஏற்றினாள். மாமா கீழே மழைத்தண்ணீர் இறங்கும் தகரக் குழாய்க்குள் கையை விட்டுத் துழாவினார். கொதிக்கிற வெயிலில் இரண்டு பேரும் சண்டையே போடாமல் தேடினார்கள். சாயங்காலம்தான் கிடைத்தது.

அம்மா அதை உள்ளங்கையில் வைத்து வெகுநேரம் பார்த்தாள். என் வீங்கிய உதட்டைத் தடவிக்கொண்டே அழுதாள். பிறகு தட்டு நிறையச் சோறு போட்டு, மீதிக் கறியை ஒரு துண்டு விடாமல் தின்றாள். ஒரு வருடமாக அவள் அப்படிச் சாப்பிட்டு நான் பார்த்ததில்லை.

என்னை அறைந்ததற்காக அழுகிறாள் என்று நினைத்துக்கொண்டேன். எல்லாவற்றையும் சந்தேகப்பட்ட எனக்கு, அந்த மானைத் துப்பாக்கியால் சுட்டு எங்கள் வீட்டுக்குக் கொடுத்தனுப்பியது யார் என்று மட்டும் கேட்கத் தோன்றவில்லை.